ஐம்பத்திரண்டு கிலோ

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் அவளும் நானும் எதிரெதிரே நின்று வேலை பார்த்தோம். கலர் கலராக வரும் ஒயர்களைப் பலகையில் படிய வைத்து, டேப் சுற்றி, கொத்தாக அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். எனக்குப் பொன்னேரி. அவள் பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து என்னோடு ரயில் ஏறுவாள். அவளுடைய அப்பாவும் அண்ணனும் ஏரியில் இறால் பிடிப்பவர்கள். லேடீஸ் பெட்டியில் இடம் இருந்தாலும் அவள் உட்கார மாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பி எழும்பி நிற்பாள். என்ன இது என்று ஒருநாள் கேட்டபோதுதான் கிக்பாக்சிங் என்ற வார்த்தையை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

என்னை அதில் இழுத்துவிட்டது அவள்தான். ஷிப்டு முடிந்து பொன்னேரியில் இறங்கியதும் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஊட்டுக்குப் போயி இன்னா பண்ணப்போற? வா, சும்மா பாத்துட்டுப் போ."

மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலை. அதன் கொட்டகையில் கோணி மூட்டை ஒன்று தொங்கியது. நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம்தான் எங்கள் மைதானம். மாஸ்டர் எங்களைவிட நாலைந்து வயதே பெரியவர். வடசென்னையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ரயிலில் வருவார். மற்ற நாட்களில் நாங்கள் இருவரும் குத்தும் உதையும் வாங்கும் பேட்டை ஒருவருக்கொருவர் பிடித்துக்கொள்வோம். இன்னும் சில பெண்கள் வருவார்கள், சில மாதத்தில் நின்றுவிடுவார்கள். மிஞ்சியது நாங்கள் மட்டும்தான்.

வேடிக்கை பார்க்கப் போனவள் அங்கேயே தங்கிவிட்டேன். ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்கக் குனிந்து டேப் சுற்றிய உடம்பு, கோணியை உதைக்கும்போது என்னுடையது என்று தோன்றியது. முதல் சில மாதம் கணைக்கால் எலும்பு தொட்டாலே உயிர் போகும். அவள் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து தேய்த்துவிடுவாள். பயிற்சி முடிந்து நான் வாந்தி எடுத்தால் அவள் முதுகைத் தட்டுவாள். அவள் எடுத்தால் நான் அவள் பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். இடுப்புக்குக் கீழே வரும் பின்னல் அது. பயிற்சியின்போது மடித்துச் சுருட்டித் துணியால் கட்டி வைத்திருப்பாள். அவள் வீட்டில் அது கராத்தே கிளாஸ் என்றுதான் தெரியும். சர்ட்டிபிகேட் கிடைக்கும் என்று சொல்லி வைத்திருந்தாள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இடது காலால் உதைக்கும்போது இடது கையும் கூடவே கீழே இறங்கிவிடும். முகத்தின் அந்தப் பக்கம் திறந்துவிடும். எதிரில் இருப்பவர் வலது கையை விட்டால் போதும், கதை முடிந்தது. மாஸ்டர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். அவள் அலுத்துக்கொள்ளவில்லை. ஸ்பாரிங் என்ற பழக்கச் சண்டையில் என் கை இறங்கும்போதெல்லாம் "கை" என்பாள். அடிக்க மாட்டாள், சொல்வாள். அந்தக் குரல் கேட்டதும் கை தானாக ஏறும். அப்படியே பழகிப்போயிற்று.

அவளுக்கு ஐம்பத்தாறு கிலோ பிரிவு, எனக்கு ஐம்பத்திரண்டு. அதனால் நாங்கள் எதிரெதிரே நிற்க வேண்டிய பேச்சே வரவில்லை. சென்னையில் நடந்த மாநிலப் போட்டியில் என் எடைக்கு சாம்பியன் பெல்ட் வைத்தார்கள். அவள் எடையில் ஆட்கள் குறைவு என்று வைக்கவில்லை. அவள் என் மூலையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். ஐந்து ரவுண்டும் "கை, கை" என்று கத்தினாள். நான் ஜெயித்தேன். பெல்ட்டை என் இடுப்பில் கட்டியவர் யாரோ பெரிய மனிதர், ஆனால் அவர் கட்டியது தளர்ந்து நழுவியது. அவள்தான் ஓடிவந்து இறுக்கிக் கட்டிவிட்டாள். ரயிலில் திரும்பும்போது அவள் அதைத் தன் இடுப்பில் கட்டிப் பார்த்தாள். பெட்டியில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் அது என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என்னைக் காட்டி, இவள் இந்த மாநிலத்திலேயே பெரிய ஆள் என்று சொல்லிவிட்டாள்.

ஜெயிப்பதற்கு வேண்டியது எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். உப்பை விடு, சோற்றைக் குறை, விடியும் முன் ஆற்றுப்பாலம் வரை ஓடு, அடிவாங்கப் பழகு. ஜெயித்ததைக் காப்பாற்றுவது வேறு என்று அந்த வருடம்தான் தெரிந்தது. ஜெயிக்கும்வரை நான் ஒருத்தியைப் பார்த்தால் போதும். ஜெயித்த பிறகு எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். என் இடது கை இறங்கும் என்று திருச்சியில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கும், கோவையில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கும். தூங்கப் போனால் முகம் தெரியாத ஒருத்தி என்னை ஜெயிக்க ஓடிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

அந்த ஒருத்தி அவளாக இருப்பாள் என்று நினைக்கவே இல்லை.

ஒருநாள் ஷிப்டு முடிந்து ரயிலில் வந்தோம். கவரைப்பேட்டை தாண்டியிருக்கும். அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். கோச்சிக்கக் கூடாது."

"கேளு."

"நா வெயிட்டு எறங்கி வரட்டுமா? அம்பத்திரண்டுக்கு."

எனக்குப் புரியவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், தை மாதத்தோடு கிளாஸ், வேலை எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார் என்றாள்.

"எங்க வெயிட்டுக்கு இந்த வருஷமும் பெல்ட் வெக்கலியாம். ஒரே ஒரு தடவை பெல்ட்டுக்கு ஆடிட்டுப் போயிடறேன்டி. உன்னுது ஒண்ணுதான் கீது."

"என்னாண்ட தோத்துட்டா?"

"தோத்துட்டேன்னு போறேன். ஜெயிச்சா நீ எனக்குக் கட்டி வுடு."

பொன்னேரியில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் அவள் பஸ்ஸுக்குத் திரும்பும்போது, சரி வா என்றேன். முடியாது என்று சொல்லியிருந்தால், கையில் இருப்பதை மூடி வைத்துக்கொள்கிறேன் என்று ஆகியிருக்கும். அவள் என்னை அப்படி நினைப்பதை என்னால் தாங்க முடியாது. அதோடு, உண்மையைச் சொல்வதானால், அவளை ஜெயித்தால்தான் அது என் பெல்ட் என்ற எண்ணமும் எங்கேயோ இருந்தது.

மாஸ்டர் முதலில் கோபப்பட்டார். பிறகு, இரண்டு பேருடைய மூலையிலும் தான் நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். காலையில் களம் எனக்கு, மாலையில் அவளுக்கு என்று பிரித்துக்கொண்டோம். பேட் பிடிக்க ஆள் இல்லாமல் நான் கோணியை மட்டும் உதைத்தேன். சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கியதும் அவள் ஆலைப் பக்கம் போவாள், நான் வீட்டுக்குப் போவேன். பிரியும் இடத்தில் இருவரும் வேறு எதையாவது பேசிக்கொண்டு நிற்போம்.

கம்பெனியில் மட்டும் எதுவும் மாறவில்லை. கேன்டீனில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவோம். அவள் டப்பாவில் வெள்ளரிக்காயும் ஒரு அவித்த முட்டையின் வெள்ளையும் இருக்கும். நானும் எடை பார்க்க வேண்டியவள்தான், ஆனால் எனக்குக் குறைக்க வேண்டியது கொஞ்சம். அவளுக்கு நாலு கிலோ. அவள் உடம்பில் அதிகமாக எதுவும் இல்லை, எல்லாம் தசைதான். நாள் ஆக ஆகக் கன்னம் உள்ளே போனது. ஒருநாள் லைனில் அவள் கையிலிருந்து ஒயர்கள் நழுவிக் கலைந்துவிட்டன. சூப்பர்வைசர் வருவதற்குள் அவள் பலகையையும் சேர்த்து நானே கட்டி முடித்தேன். தலையைத் தூக்காமல், தேங்க்ஸ்டி என்றாள். அவளுக்கு அந்தத் தெம்பு யாரை அடிப்பதற்கு வேண்டும் என்று இருவருக்கும் தெரியும்.

போட்டி திருவள்ளூரில், ஒரு கல்யாண மண்டபத்தில். மேடைக்கு முன்னால் ரிங் போட்டிருந்தார்கள். காலையில் எடை, சாயங்காலம் ஆட்டம். பெண்களுக்கு மணமகள் அறையைக் கொடுத்திருந்தார்கள். சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. அதில் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள்.

நான் எடையில் சரியாக இருந்தேன். அவள் எடை கூடுதலாக இருந்தது. நடுவர் இரண்டு மணி நேரம் கொடுத்தார். வியர்க்க வைக்கும் பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்தின் பின்புறம் வெயிலில் அவள் கயிறு தாண்டினாள். புளியை வாயில் அடக்கி எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தாள், அதுவும் எடைதான். நான் போய்ப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்தேன். திரும்ப ஏறியபோதும் முள் தாண்டித்தான் நின்றது. நூறு, நூற்றைம்பது கிராம் இருக்கும். உடம்பில் வியர்வையே வரவில்லை. எடை வரவில்லை என்றால் ஆட்டம் இல்லை, பெல்ட் என்னிடமே இருக்கும் என்றார் நடுவர். கொஞ்ச நேரம்தான் மிச்சம்.

அவள் என்னை மணமகள் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கைக்கட்டுத் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

"வெட்டுடி."

"பைத்தியமா? பொண்ணு பாக்க வராங்கன்ன."

"வந்தா வரட்டும். முடிதான, வளந்துடும்."

"உங்கம்மா?"

"எனக்குக் கை தூக்க முடியல. நீ வெட்டு."

அது சின்னக் கத்தரிக்கோல். பின்னல் தடியானது. ஒரே வெட்டில் அறுபடாது, கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க வேண்டியிருந்தது. அவள் கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்தோடு வெட்டினேன். என் கையில் வந்து விழுந்தபோது அது ஒரு குழந்தையின் கை போலச் சூடாக இருந்தது. அதைத் துப்பட்டாவில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். போய்த் தராசில் ஏறினாள். முள் ஐம்பத்திரண்டில் நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். யாருக்காகக் கத்துவது என்று தெரியாமல் இரண்டு பேர் பேரையும் கத்தினார்கள். மாஸ்டர் வந்திருந்தார், ஆனால் மணி அடித்ததும் எழுந்து வெளியே தெருவுக்குப் போய்விட்டார் என்று பிறகு சொன்னார்கள். என் மூலையில் நின்றவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அவள் மூலையிலும் அப்படித்தான்.

பகல் முழுக்கக் குளுக்கோஸும் சோறுமாக உள்ளே தள்ளியிருந்தாள். இருந்தாலும் கண் குழி விழுந்திருந்தது. சீக்கிரம் களைத்துவிடுவாள் என்று நினைத்தேன். களைக்கவில்லை. நான் எந்தப் பக்கம் நகர்வேன், எப்போது மூச்சு வாங்குவேன், எந்த அடிக்குப் பின்வாங்குவேன் எல்லாம் அவளுக்குத் தெரியும். முதல் மூன்று ரவுண்டும் அவளுடையவை. என் மூக்கில் ரத்தம் வந்தது. ஒவ்வொரு முறை அவள் குத்து விழும்போதும் எனக்கு வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. இவ்வளவு நாள் இவள் என்னை முழு பலத்தோடு அடித்ததே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

நாலாவது ரவுண்டில் அவளைக் கயிற்றோரம் தள்ளினேன். இடது காலைத் தூக்கினேன். கை இறங்கியது, எனக்கே தெரிந்தது. அவளும் பார்த்துவிட்டாள். அவள் வலது கை குத்துவதற்கு மேலே எழும்பியது. அது என் தாடையில் இறங்கியிருந்தால் அன்றைக்கு எல்லாம் முடிந்திருக்கும். இறங்கவில்லை. பாதியில் நின்றது. பல் கவசத்துக்கு உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"கை."

கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ஆனால் என் கால் அதற்குள் புறப்பட்டுவிட்டது. அவள் கை மேலே நின்றதால் விலாவை முழங்கை மறைக்கவில்லை. கால் வலது விலாவுக்குக் கீழே, கல்லீரல் இருக்கும் இடத்தில் போய் விழுந்தது. அங்கே விழும் அடி உடனே தெரியாது. ஒரு கணம் என்னைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு கால் மடங்கி உட்கார்ந்து, அப்படியே முன்னால் சாய்ந்தாள். நடுவர் எண்ணினார். எழுந்திரு, எழுந்திரு என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

என் கையைத் தூக்கினார்கள். பெல்ட்டை மறுபடி கட்டினார்கள். அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, கையுறையோடு என் முதுகில் தட்டினாள். எல்லாம் முறையாகத்தான் நடந்தது.

மணமகள் அறையில் அவள் வாஷ்பேசினில் குனிந்து வாந்தி எடுத்தாள். நான் ஓடிப்போய்ப் பழக்கத்தில் பின்னலைப் பிடிக்கக் கையை நீட்டினேன். கழுத்துதான் கைக்கு வந்தது.

"ஏன்டி சொன்ன?" என்றேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். "இன்னா சொன்னேன்? நா ஒண்ணும் சொல்லலியே."

அந்த உதையை நான் நிறுத்தியிருக்க முடியுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முடியாது. ரிங்கில் நின்றவர்களுக்கு அது தெரியும். தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை.

அதன் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. விலா எலும்பில் விரிசல் என்று கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனேன். அவள் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். சத்தம் போடவில்லை. உள்ளே அவள் அம்மா அழுவது கேட்டது.

"பொண்ணு பாக்க வந்தவங்க தலையப் பாத்துட்டுத் திரும்பிப் போய்ட்டாங்க மா. இன்னொரு தபா இங்க வராத. உன்னக் கும்புட்டுக் கேக்கறேன்."

ஆரஞ்சை வாங்கிக்கொண்டார். நான் அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

சில மாதங்கள் கழித்து லைனுக்குப் பொதுவாக ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. ஆந்திரா பக்கம் சூலூர்ப்பேட்டையில் மாப்பிள்ளை. எல்லாரும் போனோம். மேடையில் அவள் தலையிலிருந்து நீளமாகப் பின்னல் தொங்கியது, நிறையப் பூ. அது சவுரி என்று எனக்கு உடனே தெரிந்தது. யார் முடி என்றும் தெரிந்தது. அவள் அம்மா அதைத் தூக்கி எறியாமல் சவுரியாகக் கட்ட வைத்திருக்கிறார். நாங்கள் வரிசையாக மேடை ஏறி போட்டோவுக்கு நின்றோம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னாள். என் பக்கம் தனியாகத் திரும்பவில்லை.

அடுத்த வருடம் நான் மறுபடி பெல்ட்டுக்கு நின்றேன். மாஸ்டர் புதுப் பெண்களை எனக்கு ஜோடியாகப் போட்டார். என் கை இறங்கினால் அவர்கள் அடித்தார்கள். அதுதான் சரியான பயிற்சி, அவர்கள் மேல் தப்பில்லை. எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை. ஓடப் போவேன், பாதியில் நடக்க ஆரம்பிப்பேன். போட்டியில் புள்ளிக் கணக்கில் தோற்றேன். ஜெயித்த பெண் சின்னவள், சந்தோஷத்தில் அழுதாள். பெல்ட்டை நானே அவள் இடுப்பில் கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். அதன் பிறகு களத்துக்குப் போகவில்லை.

அவள் வீட்டைத் தேடிப் போனது அதற்குப் பிறகுதான். தோற்றுவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் ஏதாவது சரியாகும் என்று நினைத்தேனோ என்னவோ. கடைத்தெருவில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"வாங்க," என்றாள். "உள்ள வாங்க. உக்காருங்க."

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து அவள் என்னை வாங்க என்று சொன்னதில்லை. மாமியார் இருக்கிறார், அதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா பாதித் தெலுங்கில், யார் இவர் என்று கேட்டார். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர் என்றாள். டீ கொடுத்தாள். தட்டில் முறுக்கு வைத்தாள். எங்கள் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டாள். மாமியார் உள்ளே போன பிறகும் அவள் வாங்க போங்க என்றே பேசினாள். நான் தோற்றதைச் சொன்னேன். "அப்டியா" என்றாள். குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

கிளம்பினேன். பஸ் நிற்கும் இடம் வரை வருவதாகச் சொல்லிவிட்டுக் குழந்தையோடு கூட வந்தாள். சாலையோரம் நின்று குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அன்னிக்கு நா ஜெயிச்சிருக்க வேண்டியது. உன்னப் பாத்தா அதுதான் வருது. அத்த நெனச்சிகினு இந்த ஊட்ல என்னால இருக்க முடியாது." குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். "இனிமே வராதடி."

சரி என்றேன். பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும், குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்தாள். குழந்தை என்னைப் பார்க்காமல் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு நான் போகவில்லை. இரண்டாவதாக ஒரு பையன் பிறந்திருக்கிறான் என்று லைனில் இருந்த ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்தது. நன்றாக இருக்கிறாளாம்.